திட்டில்லாமல் வந்த மெயில்

“நான் எழுதலைன்னு இன்னும் எத்தனை வாட்டிதான்...”

“உன் அட்ரஸ்லேருந்து வந்திருக்கு, அப்ப நான் என்னன்னு...”

“அட்ரஸ் என்ன பெரிய அட்ரஸ்? எவனோ அவன் வீட்டு வாசல்ல என் பேரை எழுதி ஒட்டினா அது என் வீடாயிடுமா?”

“அட்ரஸை விடுக்கா. அதுல உன் திட்டு இருக்கு.”

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வராமல் மூடிக்கொண்டாள். அவள் வாயடைத்துப் போவது அந்த அலுவலகத்தில் அபூர்வமான காட்சி என்பதால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்றிருந்த, சாவிப் பொறுப்பில் இருக்கும் கிடங்குக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அப்பா விட்டுவிட்டுப் போன குளிர்பதனக் கிடங்கு அது. அக்காவுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. முன்னால் ஓர் அலுவலகம். அதை நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தும்மினால் அந்தப் பக்கம் இருப்பவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவு நெருக்கம். பின்னால் ஆறு குளிரறைகள். உள்ளே வரும் சரக்கும் வாடிக்கையாளரும் தங்கை பொறுப்பு. வெளியே போகும் சரக்கு அக்கா பொறுப்பு. எந்த அறையிலிருந்து எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏற வேண்டும் என்று அக்கா கிடங்குக்காரருக்கு ஒரு மெயில் போடுவாள், தங்கைக்கு ஒரு நகல் வரும். கையுறையோடு போனைத் தொட்டால் அது கேட்பதில்லை என்று கிடங்குக்காரர் அந்த மெயிலைக் காகிதத்தில் எடுத்து, அறைக் கதவருகே இருக்கும் ஆணியில் குத்திவைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

போன வாரம் அப்படி ஒரு மெயில் வந்தது. மூன்றாம் அறையில் இருக்கும் விதை உருளைக்கிழங்கை வரப்போகும் லாரியில் ஏற்று என்று. லாரி வந்தது, ஏற்றினார்கள், போயிற்று. இன்று காலை அந்த விதைக்குச் சொந்தக்காரர் வந்து என் சரக்கு எங்கே என்று நின்றார். அவர் லாரி அனுப்பவே இல்லையாம். மூன்றாம் அறையில் வெறும் மரப்பலகைகள்தான் பனி பூத்துக் கிடந்தன. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் தங்கைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தங்கைக்கு நகல் வராத ஒரே மெயில் அதுதான்.

“திட்டு இருந்தா?” அக்கா மறுபடி ஆரம்பித்தாள். “திட்டு என்ன நான் பேட்டன்ட் வாங்கி வெச்சிருக்கேனா?”

“வாங்கியிருக்கலாம். ‘மண்டையில இருக்கறது மூளையா ஐஸ்கட்டியா’ன்னு இந்த ஊர்ல வேற யார் எழுதறா?”

“எவனோ பாத்து எழுதியிருக்கான்.”

“எங்க பாத்தான்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன போலீஸா? இதோ நிக்கறானே, இவனைக் கேளு. கதவைத் திறந்தது இவன்தானே.”

கிடங்குக்காரர் உள்ளே அழைக்கப்பட்டார். பல வருஷமாகக் குளிரறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய்வந்ததில் சளி அவர் நெஞ்சில் நிரந்தரக் குடித்தனம் நடத்தியது. சங்கிலியில் கோத்த சாவிகள் இடுப்பில் தொங்கியதால் எல்லோருக்கும் அவர் ‘பூட்டு’. ஆணியில் இருந்த காகிதத்தை எடுத்து வந்திருந்தார்.

“பெரியம்மா எழுதினது மாதிரியேதாங்க இருந்துச்சு,” என்றார்.

“மாதிரியே இருந்தா திறந்துடுவியா?”

“திட்டு இருந்துச்சேங்க. திட்டு இல்லாம வந்தா நான் திறக்கவே மாட்டேங்க. போன மழைக்கு ஒரு மெயில் திட்டே இல்லாம வந்துச்சு. எனக்குக் கை ஓடலை. வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டேன். பெரியம்மாவுக்குக் காய்ச்சல்னாங்க. அப்புறந்தான் திறந்தேன்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை மென்று விழுங்கினாள். ஏனென்றால் அவளும் அதே கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தாள்.

சரக்கு போனதற்கு மறுநாள் அவளுக்கும் அக்காவின் பெயரில் ஒரு மெயில் வந்திருந்தது. சின்ன மெயில். ‘நாம் இருவரும் இனி சேர்ந்து தொழில் செய்வது சரிவராது என்று தோன்றுகிறது. உன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. வேண்டிய ஏற்பாடுகளை நீயே தொடங்கலாம்.’ அவ்வளவுதான். ஒரு ‘கழுதை’ இல்லை, ஒரு ‘அறிவுகெட்டவளே’ இல்லை. படித்ததும் தங்கை எழுந்துவிட்டாள். போனைத் தூக்கிக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போய் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “நான் எழுதலை,” என்றாள். “எவனோ என் பேர்ல விளையாடறான்.”

தங்கை அதை அப்படியே நம்பினாள். நம்பியதில் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். அக்காவாவது, திட்டாமல் எழுதுவதாவது. பிறந்தநாள் வாழ்த்திலேயே ‘இந்த வயசுலயாவது புத்தி வரட்டும்’ என்று எழுதுகிறவள்.

ஆக, தங்கையின் மனத்தில் வழக்கு தெளிவாக இருந்தது. திட்டில்லாத மெயில் போலி. திட்டோடு வந்த மெயில் அசல். அந்தப் போலியைச் சாக்காக வைத்துக்கொண்டு அக்கா இந்த அசலையும் போலி என்று தள்ளிவிடப் பார்க்கிறாள். எதற்கு? அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. விதைக்காரருக்கும் அக்காவுக்கும் போன மாதம் பெரிய வாய்த்தகராறு. ‘அந்த ஆள் மூட்டையை நடுரோட்ல வீசிடறேன் பாரு’ என்று அக்கா சொன்னதைத் தங்கை தன் காதால் கேட்டிருக்கிறாள். நடுரோட்டில் வீசினாளோ, வேறு எவனுக்காவது தூக்கிக் கொடுத்தாளோ. அப்படி மட்டும் இருந்தால் அக்காவோடு ஒரு நாள்கூட இங்கே உட்கார முடியாது. கூட்டும் போச்சு, கூடப்பிறந்ததும் போச்சு.

“இவனை இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பு,” என்றாள் அக்கா. “போலி மெயிலுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நமக்கு வேண்டாம்.”

 பூட்டு இடுப்புச் சாவிகளை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார், சத்தம் வராமல்.

“போலிதான்னு தெரியட்டும். அப்புறம் பேசலாம்,” என்றாள் தங்கை. “கம்ப்யூட்டர் பொண்ணை வரச் சொல்லியிருக்கேன்.”

“எதுக்கு?”

“எது அசல், எது போலின்னு பாக்கத்தான்.”

“அதெல்லாம் எதுக்கு வெளியாளைக் கூப்பிட்டு... நான்தான் சொல்றேனே. என் வார்த்தை போதாதா?”

“போதும்க்கா. அவளும் பாத்துட்டா இன்னும் போதும்.”

“அவளுக்கு என்ன தெரியும்? நேத்துப் பொறந்தவ. நம்ம மெயிலை எல்லாம் அவ எதுக்குப் படிக்கணும்? குடும்ப விஷயம் ஆயிரம் இருக்கும் அதுல.”

அந்த மறுப்பு தங்கையை நெருடியது. மடியில் கனமில்லாதவள் எதற்கு இப்படி வழியை மறிக்க வேண்டும்? அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த கிளிப்புகளை ஒன்றில் ஒன்று மாட்டிச் சரமாக்கிக்கொண்டிருந்தது கை. சின்ன வயதில் பொய் சொல்லும்போது பாவாடை நாடாவை முறுக்கும் அதே கை.

“குடும்ப விஷயம் பாக்க மாட்டா. ரெண்டே மெயில்தான் பாப்பா,” என்றாள் தங்கை.

“ரெண்டா?”

“ரெண்டும் ஒரே ஆள் வேலைன்னு நீதானே சொன்ன?”

அக்கா கிளிப்புச் சரத்தை டிராயருக்குள் போட்டு மூடினாள். “என்னமோ பண்ணித் தொலை,” என்றாள்.

*

கம்ப்யூட்டர் பொண்ணு மதியத்துக்குமேல் வந்தாள். தோளில் பை, காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன். சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்று வாடிக்கையாளராக வந்தபோது, உங்கள் மெயிலுக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் சரக்கு வைப்போம் என்று நிபந்தனை போட, அதைச் செய்துகொடுத்தவள் இவள்தான். தங்கை அவளைத் தன் பக்கம் உட்காரவைத்து, பூட்டையும் கூப்பிட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் அக்கா யாரோடோ போனில் பேசுகிற மாதிரி இருந்தாள். உதடு அசையவில்லை.

“அன்னிக்கு நீ ஏதோ பாதுகாப்பு போட்டியேம்மா. அப்புறம் எப்படி இது நடந்தது?”

“போட்டேன் மேடம். பாதியில நிக்குது.”

“என்ன பாதி?”

“மெயில்ல அனுப்பறவங்க பேருங்கறது கவர் பின்னாடி எழுதற பேர் மாதிரி. யாரும் யார் பேரையும் எழுதிடலாம். தபால்காரர் கேக்க மாட்டார். அதனால, நம்ம பேர்ல அனுப்ப எந்தெந்த மெஷினுக்கு உரிமைன்னு ஊருக்கே தெரியற மாதிரி எழுதி வெப்போம். நம்மகிட்டேருந்து போற ஒவ்வொரு மெயில்லயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துவோம். கடைசியா, வாங்கற பக்கத்துக்கு ஒரு உத்தரவு: உரிமையும் இல்லை, முத்திரையும் இல்லைன்னா உள்ள விடாதே.”

“இதெல்லாம் நமக்கு இருக்குன்னுதானே அந்த சூப்பர் மார்க்கெட்காரங்ககிட்ட சொன்னோம்?”

“இருக்கு. கடைசி உத்தரவுல மட்டும் ‘உள்ள விடாதே’ன்னு இல்லை. ‘விடு, ஆனா பாத்துக்கோ’ன்னு இருக்கு.”

தங்கை அவளை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். “இது என்னம்மா கூத்து? திருடனைப் பாத்து, வணக்கம் சொல்லி, உள்ள அனுப்பறதுக்கு ஒரு காவலா?”

“ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க மேடம். எடுத்த எடுப்புல இறுக்கினா நம்ம மெயிலே நின்னுடும். உங்க எடைமேடை மெஷின் ரசீது அனுப்புது இல்லையா, பில் போடற சாஃப்ட்வேர் வேற அனுப்புது. எல்லாத்தையும் சேர்த்துட்டு அப்புறம் இறுக்கணும். நானும் ஒரு தடவை இறுக்கினேன்.”

“அப்புறம்?”

பெண் கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பெரிய மேடம் அப்ப வீட்லேருந்து வேற கம்பெனி வழியா ஆபீஸ் பேர்ல மெயில் போட்டுக்கிட்டிருந்தாங்க. அது என்கிட்ட யாரும் சொல்லலை. அவங்க மெயில் எல்லாம் மறுநாளே திரும்பி வந்துடுச்சு. எனக்கு ஒரு மெயில் போட்டாங்க.”

“ஐஸ்கட்டியா?” என்று கேட்டார் பூட்டு, அனுபவசாலியின் பரிவோடு.

“ஐஸ்கட்டிதான் அண்ணே. ‘என் மெயிலை நிறுத்த நீ யாருடி’ன்னு ஆரம்பிச்சு. அன்னிக்கே பழையபடி தளர்த்திட்டேன். அதுக்கப்புறம் அவங்க புது போன் வாங்கி, வீட்லேருந்தும் ஆபீஸ் வழியாவே அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா இறுக்குன்னு யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. யார் யார் நம்ம பேர்ல அனுப்பறாங்கன்னு தினம் அறிக்கை வருது. அது போற அட்ரஸ் உங்ககிட்ட முன்னாடி வேலை பாத்தவரோடது. அவர் போயிட்டாரு, அறிக்கை இன்னும் போய்க்கிட்டிருக்கு.”

தங்கை நாற்காலியில் சாய்ந்தாள். சந்தேகத்தின் மேல் இன்னொரு முடிச்சு விழுந்தது. தளர்த்தச் சொன்னதும் அக்காதானா? வேண்டுமென்றேவா?

“சரி, அந்த மெயிலைப் பாரும்மா.”

“காகிதத்துல முத்திரை தெரியாது மேடம். மெயில் இருக்கணும்.”

“அழிச்சுட்டேனேம்மா,” என்றார் பூட்டு. “பொட்டி நிரம்பிடும்னு எடுத்ததும் அழிச்சுடுவேன்.”

“அழிச்சது உடனே போயிடாது அண்ணே. குப்பைக்கூடையில கொஞ்ச நாள் கிடக்கும். பாஸ்வேர்ட் சொல்லுங்க.”

பூட்டு அவள் காதருகே குனிந்து சொன்னார். அவள் தட்டினாள், தேடினாள், திறந்தாள். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ கொட்டியது. தங்கை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அசல் என்று மட்டும் சொல்லிவிட்டால் எழுந்து போய்த் தடுப்பைச் சுற்றி அக்காவின் முன்னால் நிற்க வேண்டும். நின்று என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

“போலி,” என்றாள் பெண்.

“நல்லாப் பாத்தியா?”

“முத்திரையே இல்லை. அனுப்பின மெஷின் நமக்குச் சம்பந்தமே இல்லாதது, எங்கேயோ வாடகைக்கு எடுத்தது. பதில் போட்டாக்கூட பெரிய மேடத்துக்குப் போகாது, வேற ஒரு பெட்டிக்குப் போற மாதிரி வெச்சிருக்கான்.”

“நான் பதில் போட்டேனே,” என்றார் பூட்டு. “‘சரிங்கம்மா, லேட்டானதுக்கு மன்னிச்சுடுங்க’ன்னு.”

“அது அவனுக்குத்தான் போயிருக்கும்.”

“திருடன்கிட்டயா மன்னிப்புக் கேட்டேன்?” பூட்டின் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

“அப்ப அந்தத் திட்டு?” தங்கை விடவில்லை. “ஐஸ்கட்டி அவனுக்கு எப்படித் தெரியும்?”

“பெரிய மேடம் வெளியாளுங்களுக்கும் மெயில் போடுவாங்க இல்லையா? லாரிக்காரங்க, ஏஜென்டுங்க. அதுல ஒருத்தர் பெட்டியைத் திறந்துட்டாப் போதும். ஒரு மெயிலுக்குக் கீழ பழைய மெயில் எல்லாம் வாலா தொங்கும். அண்ணனைத் திட்டினதைக்கூட லாரிக்காரருக்கு நகல் வெச்சு அனுப்பியிருப்பாங்க. உக்காந்து படிச்சா யாருக்கும் வந்துடும். யார் யாருக்கெல்லாம் திட்டி அனுப்பியிருக்காங்கன்னு தெரிஞ்சா தேடலாம்.”

“யாருக்கு அனுப்பலைன்னு கேளும்மா. அது சீக்கிரம் முடியும்,” என்றாள் தங்கை.

தங்கைக்கு உடம்பு லேசானது. காலையிலிருந்து அக்காவைத் திருடியாக்கி மனத்துக்குள்ளே விலங்கு மாட்டி நடத்திக்கொண்டு போனதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை அவளைப் பார்த்துத் தலையாட்டினாள், எல்லாம் சரி என்று. அக்கா தலையாட்டவில்லை.

“இன்னொண்ணு இருக்குன்னீங்களே மேடம்?”

“அது போலின்னு தெரிஞ்சதுதான்,” என்று சொல்லிக்கொண்டே தங்கை தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். “இருந்தாலும் பாத்துடு. போலீஸ்ல கொடுக்கும்போது ரெண்டையும் சேர்த்தே கொடுத்துடலாம்.”

பெண் அந்தச் சின்ன மெயிலைப் படிக்கவில்லை. அதன் பின்பக்கத்தைத்தான் திறந்தாள். மேலும் கீழும் நகர்த்தினாள். காதிலிருந்த இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“அண்ணே, எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றாள். பூட்டு போனார். சாவிச் சத்தம் தேய்ந்ததும்தான் பேசினாள்.

“மேடம், இதுல முத்திரை சரியா இருக்கு.”

“எந்த முத்திரை?”

“நம்ம முத்திரைதான். மெஷினும் நம்மளோடது. அனுப்பினது இந்த ஆபீஸ் இணைப்புலேருந்து.”

“இதுல திட்டு இல்லையேம்மா,” என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பேதைத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

“திட்டு இருக்கா இல்லையான்னு முத்திரைக்குத் தெரியாது மேடம். வேற யாராவது பெரிய மேடம் பெட்டிக்குள்ள போய் அனுப்பியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். எந்த வாசல் வழியா வெளிய போச்சுன்னுதான் அது சொல்லும், கதவைத் தொட்டது யார் கைன்னு சொல்லாது. அவங்க பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?”

தங்கை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். யாருக்கெல்லாம் தெரியும்? அக்கா அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பெரிய கார் விபத்தில் கால் உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, கிடங்கு நின்றுவிடக் கூடாதே என்று ஒரே ஒரு ஆளின் காதில் சொன்னாள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வளர்த்து, செத்துப்போய், இருவரும் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்த பூனையின் பெயர்.

“ரெண்டு பேருக்குத் தெரியும்,” என்றாள். “ஒண்ணு அவ. இன்னொண்ணு நான்.”

பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தங்கையைப் பார்க்காமல்.

மெயில் வந்த நாள் தங்கைக்கு நன்றாக நினைவிருந்தது. மத்தியானம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அக்கா குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள். இந்த வேகத்தில் யாரைத் திட்டுகிறாள் என்று தங்கை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. திட்டவில்லை. வார்த்தை வார்த்தையாகத் திட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு எழுதியிருக்கிறாள். கோபத்தில் எழுதினால் திட்டு வந்திருக்கும். திட்டு வந்திருந்தால் தங்கை சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

இப்போது காலையிலிருந்து நடந்ததெல்லாம் வேறு பக்கமாகத் திரும்பி நின்றது. அக்கா வழியை மறித்தது சரக்குக்காக இல்லை. கிளிப்புகளைக் கோத்தது விதைக்காரருக்காக இல்லை. ‘ரெண்டா?’ என்று கேட்டது அதனால்தான். அன்றைக்குப் போனை முகத்துக்கு நேரே நீட்டியதும் பயந்துபோய் ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி எவனோ ஒரு திருடன் முந்தின நாளே நிஜமாகவே வந்து போயிருந்தான்.

பூட்டு தண்ணீரோடு வந்தார். பெண் ஒரே மூச்சில் குடித்தாள்.

“உத்தரவை இறுக்கிடவா மேடம்?”

“இறுக்கு.”

“முத்திரையில்லாத மெயிலை முதல்ல ஒதுக்கி வைக்கச் சொல்றேன். எடைமேடை ரசீது, பில் எல்லாம் ஒழுங்காப் போகுதான்னு கொஞ்ச நாள் பாத்துட்டு, முழுசாத் திருப்பி அனுப்பச் சொல்லிடலாம். அறிக்கை இனிமே உங்களுக்கு வரும்.”

“வரட்டும்.”

“இந்த ரெண்டாவது மெயில் விஷயம்...”

“அது எனக்கு வந்த மெயில்மா. நான் பாத்துக்கறேன்.”

*

அக்காவின் அறைக்கு மூவருமாகப் போனார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கு தீர்ப்புக்கு வந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்னவாம்?”

“சரக்கு மெயில் போலிங்க மேடம்,” என்றாள் பெண். “வெளியாள் அனுப்பியிருக்கான்.”

அக்கா இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவள் வாயையே பார்த்தாள். வரவில்லை. பிறகு தங்கையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதைக் கண்டதும் அக்காவின் தோள் இறங்கியது. இறங்கிய வேகத்தில் குரல் ஏறியது.

“சொன்னேனா இல்லையா? காலையிலேருந்து தொண்டை வறள வறளச் சொன்னேன். கூடப்பிறந்தவ என்னைக் களவாணிங்கறா. உனக்கு மண்டையில இருக்கறது...”

“தப்புதான்க்கா. மன்னிச்சுடு.”

“மன்னிச்சுடுன்னா ஆச்சா?”

“நிஜமாவே தப்பு. நான் உன்னை அப்படி நினைச்சிருக்கக் கூடாது.”

சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு எதிரில் ஆளில்லாமல் போனது. அக்கா பூட்டின் பக்கம் திரும்பினாள். “இவனை என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். திட்டைப் பாத்துத்தான் அவர் கதவைத் திறந்தார். நானும் திட்டைப் பாத்துத்தான் உன்மேல பழி போட்டேன். அவரை அனுப்பறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்பணும். அப்புறம், இந்தப் பொண்ணு போட்ட காவலைத் தளர்த்தச் சொன்னது யாருன்னும் கேக்க வேண்டியிருக்கும்.”

கம்ப்யூட்டர் பொண்ணு தன் பையின் ஜிப்பில் பெரிய ஆராய்ச்சி நடத்தினாள். அக்கா அவளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் பூட்டைப் பார்த்தாள்.

“சரி, இருந்து தொலை. இனிமே மெயில் வந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத் திற. திட்டு இருந்தாலும் கேளு.”

“கேக்கறேங்கம்மா.”

“என்ன நின்னுக்கிட்டிருக்க? மூணாம் ரூம் மோட்டார் என்னமோ சத்தம் போடுது, போய்ப் பாரு.”

பூட்டு சாவிகளை விட்டார். அவை குலுங்கக் குலுங்கப் போனார். பெண்ணும், வருகிறேன் மேடம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

அறையில் இருவர் மட்டும். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா டிராயரைத் திறந்தாள், கிளிப்புச் சரத்தை எடுத்தாள், ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

“அந்த ரெண்டாவது...” என்றாள், கிளிப்புகளைப் பார்த்தபடியே. “அதையும் அவ பாத்தாளா?”

“பாத்தா.”

“என்ன சொன்னா?”

தங்கை எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று தடுப்பைச் சுற்றி வரும்போதே யோசித்து வைத்திருந்தாள்: எதற்காக எழுதினாய், நான் என்ன செய்தேன், எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாய். முகத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. அக்காவின் விரல்கள் ஒரு கிளிப்பில் சிக்கி, அதைக் கழற்றத் தெரியாமல் வளைத்துக்கொண்டிருந்தன. அக்கா இப்போது திட்டலாம், ஒரு வார்த்தை. கழுதை என்று சொன்னால் போதும்.

“அதுல நம்ம ஆபீஸ் முத்திரை குத்தியிருக்குன்னு சொன்னா,” என்றாள் தங்கை.

அக்கா நிமிரவில்லை.

“அவளுக்கு என்ன தெரியும், நேத்துப் பொறந்தவ. நீ எழுதலைன்னு இன்னொரு தரம் சொல்லுக்கா, நான் நம்பிக்கறேன்.”